போலீஸ் ரிப்போர்ட் போட்டால் பணம் வருமா?

(கெப்பாலா பத்தாஸில் நம் மக்களுக்காக நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலை விட்டு, ஓவர்டைமை விட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் அலுவலகத்துக்கு வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையோடுதான் வருவார்கள். பையைத் திறந்தால் முதலில் வெளியே வருவது போலீஸ் ரிப்போர்ட். கடன் கொடுத்த பணம் திரும்பவில்லையா, போலீஸ் ரிப்போர்ட். வீட்டைச் செப்பனிட முன்பணம் வாங்கிய குத்தகைக்காரர் ஓடிவிட்டாரா, போலீஸ் ரிப்போர்ட். பங்காளி கணக்குக் காட்ட மறுக்கிறாரா, அதற்கும் போலீஸ் ரிப்போர்ட். ரிப்போர்ட் போட்டாயிற்று, கேஸ் நடக்கிறது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுகிறோம். உண்மையில் எந்தக் கேஸும் நடப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பெர்த்தாம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது வேலையும் போயிற்று, லயன் வீடும் போயிற்று. கையில் இருந்தது ஊழியர் சேமநிதிப் பணம். அதில் 18,000 வெள்ளியை அக்காள் மகனுக்குக் கொடுத்தார். பையன் கேட்டரிங் தொழில் தொடங்க வேண்டும், ஒரு பழைய வேன் வாங்க வேண்டும் என்றானாம். கடிதம் எழுதி வாங்கினீர்களா என்று கேட்டேன். "தூக்கி வளர்த்த பிள்ளைகிட்ட எப்படி ஐயா கையெழுத்துக் கேட்கிறது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் அம்மாவும் அதையேதான் சொல்லியிருப்பார்.

பையன் ஐந்தாறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தான், பிறகு போனை எடுப்பதில்லை. அம்மா போலீஸ் நிலையம் போனார். ரிப்போர்ட் எழுதிக்கொண்டு, "இனி கேஸ் சிவில், மாச்சிக்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வார்த்தையை அம்மா எப்படிப் புரிந்துகொண்டார் தெரியுமா? சிவில் என்றொரு கேஸ் பதிவாகிவிட்டது, கூப்பிடுவார்கள் என்று! போலீஸ்காரர் சொன்னதோ, இது எங்கள் வேலை இல்லை, நீங்களே நீதிமன்றம் போய்க் கேளுங்கள் என்பது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு பணம் பறித்திருந்தால் அது மோசடிக் குற்றம், போலீஸ் விசாரிக்கலாம். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது கடன் வழக்கு. அதைத் தொடுக்க வேண்டியவர் பணம் கொடுத்தவர்தான். அந்த ரிப்போர்ட்டை அம்மா ஜாதகத்தைப் போல மடித்து, சாமி மேடையில் ஏழு வருஷம் வைத்திருந்தார்.

இந்த ஏழு என்ற எண்தான் என்னைக் கலக்கியது. 1953-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவில் கடன், ஒப்பந்த மீறல் போன்ற வழக்குகளை உரிமை பிறந்த நாளிலிருந்து 6 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால், எதிராளி "காலம் கடந்துவிட்டது" என்று எழுதிக் கொடுத்தால் போதும், உங்கள் பக்கம் நியாயம் முழுதாக இருந்தாலும் வழக்கு விழுந்துவிடும். போலீஸ் ரிப்போர்ட் அந்தக் கடிகாரத்தை ஒரு நாள்கூட நிறுத்தாது. சொந்தக்காரர்கள் நடுவில் பேசிய பஞ்சாயத்தும் நிறுத்தாது. கோயில் தலைவர் "நான் பேசிக்கொள்கிறேன்" என்று சொன்னதும் நிறுத்தாது.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது. ஆறு ஆண்டு முடியுமுன் கடன்பட்டவர் கொஞ்சமாவது திருப்பிக் கொடுத்தாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அன்றிலிருந்து ஆறு ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். அந்த அம்மாவிடம் பழைய வங்கிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டேன். மகளை விட்டுத் தேடச் சொன்னார். பணம் கொடுத்த மூன்றாம் வருஷம், ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், 300 வெள்ளி கணக்கில் விழுந்திருந்தது. யார் போட்டது என்று வங்கியில் விவரம் வாங்கினோம். அக்காள் மகன்தான்! சின்னம்மாவுக்குத் தீபாவளிச் செலவுக்கு என்று அவன் பின்னால் வாதாடிப் பார்த்தான். அந்த நேரத்தில் "கடன்ல கழிச்சுக்குங்க" என்று அவனே அனுப்பிய செய்தி, மகளின் பழைய கைத்தொலைபேசியில் அழியாமல் இருந்தது. வழக்கு பிழைத்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விசாரணைக்கு முன்பே சமரசத் தீர்ப்புக்கு ஒத்துக்கொண்டு, மாதத் தவணையில் கட்டினான். பணம் வந்தது. அக்காள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் அம்மாவுக்கு அழைப்பு வரவில்லை. ஒரு துண்டுத் தாளில் கடனை எழுதி இருவரும் முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால், உறவு இந்த அளவுக்குப் போயிருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எல்லாக் கடிகாரமும் ஆறு வருஷம் என்று எண்ணிவிடாதீர்கள். வேலை நீக்கத்துக்கு இருப்பது 60 நாள்தான். 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின் கீழ், நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர் அந்த 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். பிறாயில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலராகப் பதினோரு ஆண்டு வேலை செய்த ஒருவர் என்னிடம் வந்தார். நிறுவனத்துக்கே மூன்று முறையீட்டுக் கடிதம் எழுதினார், ஒரு கட்சியின் சேவை மையத்துக்கு நாலு தடவை நடந்தார். என் மேசைக்கு வந்தபோது நீக்கப்பட்டு நான்கு மாதம். அவருக்காக நான் எதுவும் செய்ய முடியவில்லை. சம்பளப் பாக்கி மட்டும் இருந்தது, அதற்குத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்பினேன். அங்கே புகார் கொடுக்க வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் இல்லை. அரசாங்கத்தின் மேலோ, அரசு மருத்துவமனையின் மேலோ நஷ்டஈடு கேட்டால் 36 மாதம். இந்த மூன்று எண்களையும் இன்றைக்கு எழுதிக்கொண்டு போங்கள்.

நிலத்தில் தாமதம் இன்னும் கொடியது. ஜார்ஜ்டவுனில் கம்போங் புவா பாலா நடந்ததை நீங்கள் அறிவீர்கள். மாடு வளர்த்து, பால் விற்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் குடும்பங்கள். அவர்கள் நீதிமன்றத்தில் போராடிய காலத்தில் நிலத்தின் கிராண்ட் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயருக்குப் போய்விட்டிருந்தது. 2009 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றத்தோடு கதவு மூடியது, அதே ஆண்டில் வீடுகள் இடிக்கப்பட்டன. அதன் அரசியலை இங்கே பேச வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் குடியிருக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? உங்கள் கோயில் நிற்கும் நிலம்? நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அதைச் செய்தவர் இந்தக் கூடத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் சங்கடமாகிவிடும், கேட்கவில்லை.

இப்போது கூட்டுக்கு வருவோம். சிரிக்கிறீர்கள்! இந்த நாட்டில் ஒரு சட்டத்தின் தலைப்பிலேயே நம் தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதித் தடைச் சட்டம். கூட்டு, சீட்டு, சீனர்களின் ஹுவே எல்லாம் அதில் அடக்கம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நம் வீடுகளில் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், தாலிச் செயினை மீட்கவும் கூட்டுதான் கைகொடுத்தது, எனக்கும் தெரியும். வங்கி நம்மை வாசலில் நிறுத்திய காலத்தில் கூட்டுக்காரம்மாதான் நம் வங்கி. ஆனால் அவர் ஒருநாள் பணத்தோடு காணாமல் போனால், சட்டம் தடுத்த ஏற்பாட்டை நம்பிப் போட்ட பணத்தைச் சட்டத்திடமே போய்க் கேட்கும் நிலை. அது வழுக்குப் பாறை. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எவ்வளவு கட்டினீர்கள், எந்தத் தேதியில், யார் கையில் என்று எழுதி, சேர்ந்து கட்டியவர்களோடு ஒன்றாக வந்து ஆலோசனை கேளுங்கள். புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு என் சொல் ஒன்றுதான்: வேண்டாம்.

வட்டிக்கு வாங்கினவர்களுக்கும் ஒரு வார்த்தை. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அடமானமில்லாக் கடனுக்கு 18 விழுக்காடுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆண்டுக்கு என்று சொன்னேன், மாதத்துக்கு இல்லை. உரிமமே இல்லாத வட்டி முதலை தன் கடனை நீதிமன்றத்தின் மூலம் வசூலிக்க முடியாது. அவன் மிரட்டினால், வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினால், அப்போதுதான் போலீஸ் ரிப்போர்ட்டுக்கு வேலை.

தாய்மார்கள் கொஞ்சம் கவனியுங்கள். "உன் பேர்ல கடையைப் பதிஞ்சிடலாம், என் பேர் பேங்க்ல கறுப்பா இருக்கு" என்று வீட்டுக்காரர் சொல்வார். நீங்களும் ஐசியைக் கொடுத்துவிடுவீர்கள். ஒருவர் பெயரில் பதிந்த வியாபாரத்துக்கும் அந்த ஆளுக்கும் சட்டத்தில் வேறுபாடு கிடையாது. கடையின் கடன் உங்கள் கடன். தொழிலாளிக்குக் கட்டாத சேமநிதி உங்கள் தலையில், வருமான வரிக் கடிதம் உங்கள் பெயரில். கல்லாப் பெட்டியைத் தொட்டதே இல்லை என்று நீதிமன்றத்தில் அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். பங்காளிகளாகப் பதிந்தாலும் இதே கதைதான்: ஒரு பங்காளி கடையின் பெயரில் வாங்கிய கடனுக்கு மற்றவரின் வீடு வரை ஆபத்து. ஜாமீன் கையெழுத்தும் அப்படியே. 2017 அக்டோபர் முதல், லாப நோக்கமில்லாமல் கல்விக் கடனுக்கோ, சொந்த வீட்டுக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டுக் காருக்கோ ஜாமீன் நின்றவரைத் திவால் ஆக்க முடியாது. நல்ல திருத்தம். ஆனால் அவர் மேல் வழக்குப் போடலாம், தீர்ப்பு வாங்கலாம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, இனி பயமில்லை என்று கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது என்ற சமாதானம் நீதிமன்றத்தில் பெரும்பாலும் எடுபடாது. ஒரு நாள் தவணை கேட்டு, வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டிய பிறகு போடுங்கள். அவசரம் என்று அவர் சொன்னால் இரண்டு நாள் கேளுங்கள்.

சரி, எங்கே போவது? சாமான், பழுதுபார்ப்பு, கல்யாண மண்டபம், வீட்டுச் செப்பனிடல் என்று சொந்த உபயோகத்துக்குப் பணம் கட்டி ஏமாந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும், வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. கடைக்கு வாங்கிய சரக்குக்கு அந்த வழி கிடையாது. தனிநபர் கொடுத்த சிறு தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்கு முறை, நமக்குப் பக்கத்தில் பட்டர்வொர்த். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 5,000 ரிங்கிட் வரை என்று வைத்தார்கள். படிவம் 198, அங்கேயும் நீங்களே பேசிக்கொள்ளலாம். பெரிய தொகைக்கும் நிலத்துக்கும் வழக்கறிஞர் வேண்டும். வசதி இல்லையென்றால் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும், பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், சம்பளச் சீட்டைக் கொண்டு போங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் தமிழிலேயே பேசிப் புகார் செய்யலாம்.

வழக்கறிஞரிடம் போனால் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்ற கூச்சம் நம்மவர்களுக்கு அதிகம். காசு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடக்கும்போது கட்டிலருகே வந்து, "ஜெயிச்சா பாதி பாதி" என்று கையெழுத்து வாங்குகிறவன் தரகன். வழக்கின் வெற்றியில் பங்கு பேசிக் கட்டணம் வாங்குவதை வழக்கறிஞர் தொழில் சட்டமே தடுக்கிறது. அந்த மாதிரி ஆள் அழைத்துப் போகும் அலுவலகத்துக்குப் போக வேண்டாம் என்று என் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியே சொல்கிறேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

தேநீர் தயாராகிவிட்டது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். பையோடு வந்திருப்பவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள், பிற்பகல் வரை இருப்பேன். கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு வாருங்கள். யார் என்ன திட்டினார், யார் கோயிலில் சத்தியம் செய்தார் என்பதெல்லாம் பிறகு கேட்கிறேன். முதலில் தேதியைத்தான் பார்ப்பேன்.