விண்ணியல் எனும் அமானிதம்



பள்ளிவாசல் சுவரிலுள்ள தொழுகை நேர அட்டவணையை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். அதன் ஒவ்வொரு நிமிடத்திற்குப் பின்னும் சூரியனின் ஓட்டத்தைக் கணித்த அறிஞர் பலரின் உழைப்பு உள்ளது. அவர்களுள் முன்வரிசையில் நிற்போர் கிரேக்கர்கள்.

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹிப்பார்க்கஸ், விண்மீன்களின் இடம் மிக மெல்ல நகர்வதைக் கண்டறிந்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அந்நகர்வு நூறாண்டுக்கு ஒரு பாகை என எழுதினார். 13 பாகங்கள் கொண்ட அவரது பெருநூல், ஒன்பதாம் நூற்றாண்டில் அரபியில் பெயர்க்கப்பட்டு 'அல்மஜிஸ்தி' எனப் பெயர் பெற்றது. அம்மொழிபெயர்ப்புகளுள் ஒன்றைச் செப்பனிட்ட ஸாபித் இப்னு குர்ரா முஸ்லிம் அல்லர், ஸாபியீ சமயத்தவர். எனினும் அவரது உழைப்பை முஸ்லிம் அறிஞர்கள் நன்றியுடன் ஏற்றனர்.

ஏற்றதை அவர்கள் ஆராயாது விடவுமில்லை. ரக்கா நகரில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வானை நோக்கிய அல்பத்தானி (இறப்பு 929), ஒரு பாகை நகர 66 ஆண்டுகளே ஆகும் என்றார். இன்றைய கணக்கு சுமார் 72 ஆண்டுகள். மாணவர் ஆசிரியரைவிட உண்மையை நெருங்கினார். எனினும் முழுமையாக எட்டவில்லை.

தாலமியின் கணக்குப்படி நிலவு, ஒரு சமயம் மற்றொரு சமயத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு அகலமாகத் தோன்ற வேண்டும். கண்ணுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. இக்குறையைப் பதினான்காம் நூற்றாண்டில் நீக்கியவர் இப்னு ஷாத்திர். அவர் திமிஷ்கு உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த முவக்கித் ஆவார். 1543-இல் வெளிவந்த கோபர்நிக்கசின் நூலிலுள்ள நிலவுக் கணக்கு, இப்னு ஷாத்திரின் கணக்கோடு ஒத்திருக்கிறது. அல்பத்தானியின் பெயரையோ கோபர்நிக்கஸ் அந்நூலில் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறார்.

அன்பர்களே! மதரஸாவில் ஓதிய காலத்தில் நாம் அல்பத்தானியின் பெயரைப் பெருமையுடன் கேட்டோம். அவர் யாருடைய நூலைக் கற்றார் என்று கேட்டறிந்தோமில்லை. அது நம் குறையே. 'எல்லாம் நம்மிடமே தோன்றின' என்னும் பெருமிதமும், 'இது துன்யாவின் கல்வி' என்னும் அலட்சியமும் நம் பிள்ளைகளைக் கல்வியிலிருந்து விலக்கிவிடும். கல்வி ஓர் அமானிதம். அதை நன்றியுடன் பெறுவதும், பிழை கண்டால் அஞ்சாது திருத்துவதும், அடுத்தவரிடம் சேர்ப்பதும் நம் கடமை.

அக்கடமையை நிறைவேற்ற வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.