கரிச்சான் குஞ்சு: நகையும் நட்பும்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அதனை அடுத்து அழுகையை வைத்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசிய நண்பர் ஒருவரை இழந்தவர்க்கு அவ்வைப்புமுறையின் பொருள் எளிதில் விளங்கும். அவரை நினைக்கும்போது முதலில் வருவது சிரிப்பு. அதன் பின்னரே கண்ணீர்.

தஞ்சை மண்ணில் அத்தகைய நட்புக்குச் சான்றாக நின்றவர்கள் தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம், கரிச்சான் குஞ்சு ஆகிய மூவர். இவர்களுள் கரிச்சான் குஞ்சுவின் பெயரே ஒரு நகைச்சுவை. நன்னிலம் பகுதியிலுள்ள சேதனீபுரத்தில் 1919இல் பிறந்த நாராயணசாமி, தாம் ஆசானாகப் போற்றிய கு.ப.ரா., 'கரிச்சான்' என்னும் புனைபெயரில் எழுதியவர் என்பதால், தம்மை அக்கரிச்சானின் குஞ்சு என்று அழைத்துக்கொண்டார். நகை பிறக்கும் களன்களுள் இளமையும் ஒன்றன்றோ! கு.ப.ரா. 1944இல் மறைந்தார். குஞ்சோ எழுபத்திரண்டு வயது வரை குஞ்சாகவே இருந்தது. சிரிப்புக்குள் ஒரு மாணவரின் வணக்கம் மறைந்திருந்தது.

சொல்லாமற் சொல்வதே தொனி என்பர் வடமொழி அணியியலார். அக்கொள்கையை வகுத்த ஆனந்தவர்த்தனரின் த்வன்யாலோகத்தைத் தமிழாக்கியவரும் இவரே. வேதமும் வடமொழியும் முறையாகக் கற்ற இவர், பொருள்முதல்வாத நோக்கில் தேவிபிரசாத் சட்டோபாத்யாயா எழுதிய இந்தியத் தத்துவ நூலையும் தமிழுக்குத் தந்தார். மன்னார்குடியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய இவர், 1978இல் வெளிவந்த 'பசித்த மானிடம்' நாவலில் தொழுநோயாளி ஒருவனை நடுநாயகமாக்கினார். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனுக்கே பிறர் முகஞ்சுளிக்கும் இடத்தில் நின்று பார்க்கும் துணிவு வாய்க்கும்.

குடந்தையில் ஜரிகை வணிகம் செய்துவந்த வெங்கட்ராம் 1948இல் 'தேனீ' இதழைத் தொடங்கியபோது உடனிருந்து உழைத்தவர் கரிச்சான் குஞ்சு. இதழ் நெடுநாள் நிலைக்கவில்லை, நட்பு நிலைத்தது. ஜானகிராமனோ தம் 'மோகமுள்'ளில் வெங்கட்ராமை ஒரு பாத்திரமாகவே உலவவிட்டார்.

1979இல் ஜானகிராமனுக்கும் 1993இல் வெங்கட்ராமுக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கரிச்சான் குஞ்சுவுக்கு அது வாய்க்கவில்லை. 1982இல் ஜானகிராமன் மறைந்தார். 1992 சனவரியில் கரிச்சான் குஞ்சு மறைந்தார். எஞ்சியிருந்த வெங்கட்ராம் 'என் இலக்கிய நண்பர்கள்' என்றொரு நூல் எழுதிவைத்துவிட்டு, 2000இல் தாமும் சென்றார். மூவர் சிரித்த சிரிப்பைக் கேட்டவர் மூவருள் எவரும் இன்றில்லை.

எழுத்து அச்சேறி நிற்கும். பேச்சு காற்றோடு போகும். அதிலும் நகைச்சுவைப் பேச்சு, அதன் இடமும் நேரமும் அறிந்த நண்பரோடு சேர்ந்தே மறையும். காவிரியில் புதுப்புனல் ஆண்டுதோறும் வரலாம்; போன நீர் திரும்பாது.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டத்திற்கு இதனினும் உரிய பணி வேறு என்ன? மறைந்த நண்பரின் படத்திற்கு மாலை சூட்டுவதோடு, அவர் சொன்ன சொல்லை, சொன்ன இடத்தோடும் நேரத்தோடும், கேட்டவர் இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டும். அதைப் படிப்பவர் முதலில் சிரிக்கட்டும். அழுகை தானே வரும்.