பெயரை மாற்றினால் பழைய பெயர் எங்கே போகிறது?



கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நம் பிள்ளைகளிற் பலர் இன்று கோவையின் ஆலை அலுவலகங்களிலும், விளாங்குறிச்சி டைடல் பூங்காவிலும் தகவல் கையாளும் பணியில் அமர்ந்துள்ளனர். எந்தக் கருவியைக் கற்பது என்று கேட்கின்றனர். நான் திரும்பக் கேட்பது ஒன்றே: அக்கருவியில் ஒரு பெயரை மாற்றினால், பழைய பெயர் எங்கே போகிறது?

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் 1891-ல் அளித்த அறிக்கையின் பயனாக, 1892-ல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் எவருக்கும் விற்றலாகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. இன்று அத்தகைய நிலமொன்றின் கணிப்பொறிப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். இப்போதைய உடைமையாளர் பெயர் இருக்கும். முன்பிருந்தவர் யார் என்பது இராது. ‘டி.சி.’ நிபந்தனைக் குறிப்பைக் காணப் பழைய ‘அ’ பதிவேட்டைத் தேட வேண்டும். கைமாறிய வரலாற்றுக்கு வில்லங்கச் சான்று கேட்க வேண்டும். பட்டா இன்றைய நிலையைச் சொல்வது. வில்லங்கச் சான்று பதிவான நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்வது. கணிப்பொறிக் கருவிகளையும் இவ்வாறே பிரித்துப் பார்க்கலாம்.

எக்ஸெல் பட்டா வகையைச் சேர்ந்தது. ஒரு கட்டத்தில் இருந்ததன்மேல் வேறொன்றை எழுதிச் சேமித்து மூடினால் முன்னையது மறைந்துபோகிறது. இணையத்தில் வைத்த கோப்புகளுக்கு முந்தைய பதிப்புகள் கிடைப்பதுண்டு. மேசைக் கணிப்பொறியில் தனியே கிடக்கும் கோப்புக்கு அவ்வசதியை நம்ப இயலாது. நாம் மாற்றாததையும் அது மாற்றும். புல எண் 12/3 என்று தட்டினால், தேதியென்று கொண்டு மார்ச் 12 அல்லது டிசம்பர் 3 என ஆக்கிவிடும். கட்டத்தை முன்னதாகவே எழுத்து வகையென்று அமைத்தால் புல எண் பிழைக்கும். இத்தொல்லை தாளாமல், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழுவே 2020-ல் சில மரபணுக்களின் பெயர்களை மாற்றிக்கொண்டது! அதே ஆண்டு இங்கிலாந்தில், பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிகளுக்குமேல் இடமின்மையால், கொரோனா கண்ட 15,841 பேரின் விவரம் உரிய நாளில் கணக்கில் ஏறாமற் போயிற்று.

எஸ்.க்யூ.எல். தரவுத்தளம் கட்டுப்பாடு மிக்கது. இன்ன இடத்தில் இன்ன வகைத் தகவலே வரலாம், ஒரே எண் இருமுறை வரலாகாது என்றெல்லாம் விதிக்கலாம். ஆயினும் ‘அப்டேட்’ என்னும் கட்டளை பழையதை அகற்றிப் புதியதை வைப்பதே. மாற்றியவர், நேரம், முன்னைய மதிப்பு ஆகியவற்றைத் தனி அட்டவணையில் எழுதுமாறு முதலிலேயே அமைத்திருந்தாலன்றி, பின்னர் கேட்பவருக்குச் சாட்சி கிடைப்பது அரிது. 2011-ல் வந்த எஸ்.க்யூ.எல். தரநிலை, கால வரலாற்றைத் தானே காக்கும் அட்டவணைகளுக்கு வழிசெய்தது. வழி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குவோர் வேண்டும்.

ஆர் மொழியும், பைத்தானின் பாண்டாஸும் வேறு நெறி. மூலக் கோப்பைத் தொடாமல், அதன்மேல் செய்யும் ஒவ்வொரு செயலையும் கட்டளை வரிகளாக எழுதி வைக்கலாம். ஐயுறுபவர் அவ்வரிகளைத் தாமே ஓட்டி, அதே விடை வருகிறதா எனப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, வில்லங்கச் சான்றுக்கு மிக நெருங்கியது கிட். லினக்ஸ் பணிக்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் படைத்தது. யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதோடு ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அவ்வெண்ணைக் கணக்கிடுகையில் முந்தைய பதிவின் எண்ணும் சேர்கிறது. ஆகவே இடையில் ஒன்றைத் திருத்தினால் அதன் பின்வரும் எண்கள் யாவும் மாறிவிடும். பிறரிடம் படி இருந்தால் திருத்தம் வெளிப்படும். ஆனால் பெயர் என்பது பதிவு செய்பவர் தாமே தட்டியது. கையொப்பமிடும் வசதியைப் பயன்படுத்தாவிடில் அது உறுதியான சான்றாகாது. எக்ஸெல் கோப்பின் மாற்றங்களையும் அது வரிவரியாகக் காட்டாது. காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாக இருந்தால் காட்டும்.

நம் சங்கத்தின் உதவித்தொகைப் பதிவேட்டுக்குக் கிட் வேண்டுமென்று நான் சொல்லவில்லை. காகிதப் பேரேட்டில் பிழையான எண்ணைக் கோடிட்டு அடித்து, பக்கத்தில் கையொப்பமிடுவார்கள். அடித்த எண் கண்ணுக்குத் தெரியும். அதையே விரிதாளிலும் செய்யலாம். எந்த வரியையும் நீக்காதீர்கள். தொகை தவறென்றால் அதைக் கழிக்கும் வரி ஒன்றும், சரியான தொகைக்கு வரி ஒன்றும் கீழே சேருங்கள். தேதி, எழுதியவர், காரணம் என மூன்று பத்திகள் போதும். மாத முடிவில் அச்செடுத்து, செயலாளரும் பொருளாளரும் கையொப்பமிட்டுப் பீரோவில் வைக்கட்டும். எந்த மாணவர் வந்து கேட்டாலும் அவருடைய வரிகள் அனைத்தையும், திருத்தியவற்றையும் சேர்த்தே காட்டுங்கள்.