திருச்சுழிச் சிறுவரும் தத்துவக் கல்வியும்
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



குடமுழுக்குக் கண்டு மகிழும் இந்நன்னாளில் கல்வியையும் ஆராய்ச்சியையும் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கோயில் வேறு, கல்விச்சாலை வேறு என்னும் கருத்து அண்மைக் காலத்தது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கோயிற் கல்வெட்டு, அங்கே 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் பேணப்பெற்ற செய்தியைக் கூறுகின்றது. மேல்நிலை மாணாக்கர் எழுபதின்மருள் 25 பேர் வியாகரணமும், 35 பேர் மீமாஞ்சையும், 10 பேர் வேதாந்தமும் பயின்றனர். வேதாந்தத்திற்குப் பதின்மரே! எல்லார்க்கும் எட்டும் பாடமன்று அது என்பதை அக்காலத்துக் கொடையாளர் அறிந்திருந்தனர் போலும். ஆயினும் அப்பதின்மர்க்கும் அவர்கள் நெல் அளக்கத் தவறினாரல்லர்.

அந்த வேதாந்தத்தின் உயிர்நிலையான வினாவை, எந்தப் பாடசாலையிலும் கற்காமலே எழுப்பிய ஒருவர் இக்கரிசற் சீமையிற் பிறந்தவர். கிணற்றைப் பெயரிலேயே தாங்கிய மல்லாங்கிணற்றினின்று அருப்புக்கோட்டையைக் கடந்து சென்றால் குண்டாற்றங்கரைத் திருச்சுழி. சுந்தரர் பாடிய பாண்டிநாட்டுப் பதி. அங்கே 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தோன்றிய வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் போற்ற நின்றவர்.

திருச்சுழியிலும் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் அவர் பயின்றார். 1896ஆம் ஆண்டு மதுரையில், மரண அச்சம் திடீரெனப் பற்றியபோது, சாவது உடலாயின் ‘நான்’ என்பது யாது என்று உள்ளே நோக்கினார். சில வாரங்களின் பின் பாடத்தில் மனம் செல்லவில்லை. தண்டனையாக, பெயின் என்பாரின் ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதிவருமாறு பணித்தார் ஆசிரியர். இருமுறை எழுதி, மூன்றாம் முறை எழுதுகையில் ஏட்டை மூடினார்; ஆகஸ்டு 29ஆம் நாள் அருணாசலம் நோக்கிப் புறப்பட்டார்.

அவ்விலக்கணம் எழுதிய அலெக்சாந்தர் பெயின் வெறும் இலக்கண ஆசிரியர் அல்லர். ஸ்காத்லாந்து நாட்டுத் தத்துவப் பேராசிரியர். மனத்தின் இயல்பை ஆராய்ந்து பெருநூல்கள் செய்தவர். மனத்தைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி இதழை 1876இல் நிறுவியவர். கல்வியையும் ஒரு விஞ்ஞானமாக ஆராய்ந்தவர். மனத்தை ஆராய்ந்தவரின் நூல், மனம் எங்கிருந்து எழுகின்றது என்று தேடிய சிறுவர்க்குத் தண்டனைப் பாடமாக வந்து சேர்ந்தது. குறை அந்நூலுடையது அன்று. மனப்பாடமாகவும் தண்டனையாகவும் கல்வி சுருங்கிய முறையே குறை.

இவ்வரலாற்றைக் கேட்டு, படிப்பைத் துறந்தவர் ஞானியானார், ஆகவே படிப்பு வேண்டா என்று முடிவு செய்வது பெரும் பிழை. வானம் பார்த்த பூமியில் பருத்தி விற்ற பணத்தைக் கொண்டு மகனைப் பள்ளிக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு அது தீங்கு விளைக்கும் சொல்லாகும். மகரிஷியே அவ்வாறு வாழ்ந்தவர் அல்லர். அருணையை அடைந்தபின், அன்பர்கள் கொணர்ந்த வேதாந்த நூல்களைப் படித்துப் பொருள் உரைத்தார். தம் அநுபவத்துக்கு அந்நூல்கள் முன்னரே பெயரிட்டிருந்தமையை அப்போதே அறிந்தார். விவேக சூடாமணியைத் தமிழ் உரைநடையாக்கினார்.

1902ஆம் ஆண்டளவில் விருபாட்ச குகைக்கு வந்தவர் சிவப்பிரகாசம் பிள்ளை. கல்லூரியில் தத்துவம் பயின்று பட்டம் பெற்று, வருவாய்த்துறையில் அலுவல் பார்த்தவர். பட்டதாரி வினவினார், பள்ளிப்படிப்பை முடிக்காத இளந்துறவி, பேசாமலே, எழுத்திலும் சைகையிலும் விடை தந்தார். 1923இல் அச்சேறிய ‘நான் யார்?’ என்னும் சிறுநூல் அவ்வாறு பிறந்ததே. வினா இல்லையேல் அந்நூல் இல்லை. கல்லூரிக் கல்வி பிள்ளையவர்களுக்கு விடையைத் தரவில்லை; விடை கிடைக்குமிடத்தில் வினவும் திறத்தைத் தந்தது. அது சிறிய பயனா?

பின்னர், 1928இல் இராமநாதபுரத்துத் தமிழ்ப்புலவர் முருகனாரின் வேண்டுகோளால் உருப்பெற்றது ‘உள்ளது நாற்பது’. அத்தமிழ் நூலையும் அதன் அநுபந்தத்தையும் ஆங்கிலத்திற் பெயர்த்து, விளக்கவுரையுடன் 1959இல் வெளியிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் டி. எம். பி. மகாதேவன். வித்தியாரணியரின் அத்வைதத்தை ஆராய்ந்து பட்டம் பெற்ற பெரும்புலவர் அவர். அவர் தலைமையில் 1964இல் அங்கே தத்துவ உயராய்வு மையமும் அமைந்தது. ஆராய்ச்சியால் ஞானம் வாராது என்பது உண்மையே. எனினும், ஞானியின் சொல் வெறும் சுவரெழுத்தாகிப் பொருளிழக்காமற் காப்பது ஆராய்ச்சி. எச்சொல் எவ்வளவில் சங்கரரோடு ஒன்றுகின்றது, எது ஞானியின் தனிக்கூற்று என்று பிரித்தறியாவிடின், பக்தரும் ஏமாறுவர்.

பூமிநாதர் திருக்கோயிலை வணங்கச் செல்வோர், மகரிஷி பிறந்த இல்லமாகிய சுந்தர மந்திரத்தையும் கண்டு வரலாம். உடன் செல்லும் பிள்ளைகள் அங்கே ஏதேனும் வினவினால், விடை சொல்ல அவசரப்படாமல் அவர்கள் வினாவை முழுதும் கேட்டருள்க.