நாட்டுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்



அட்டப்பாடியிலும் இடுக்கியின் எல்லையோர மலைகளிலும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓரிரவில் மரவள்ளியையும் வாழையையும் அழித்துவிடுகிறது. குழல்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அங்கு மறையாதிருக்க இதுவும் ஒரு காரணம். அதை ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும். வேட்டைக்குச் சென்றவர் உடன் வந்தவரின் குண்டுக்கே பலியான துயரங்கள் இம்மலைகளில் நிகழ்ந்துள்ளன. ஆனால் சட்டத்தின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதே கேள்வி.

லிட்டன் ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அக்காலத்தில் இரவிகுளம் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களமாக இருந்தது. விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, பயிர்ப் பாதுகாப்புக்காக இத்தகைய துப்பாக்கிக்கு உரிமம் வழங்க 13ஆம் பிரிவில் இடமளித்தது.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 25ஆம் பிரிவின் தண்டனைகளைக் கடுமையாக்கியது. உரிமமின்றித் துப்பாக்கி செய்தாலும், விற்றாலும், பழுதுபார்த்தாலும் குறைந்தபட்சத் தண்டனை 3 ஆண்டுகளிலிருந்து 7 ஆண்டுகளாக உயர்ந்தது, அதிகபட்சம் ஆயுள். துப்பாக்கியின் பாகங்களும் சட்டப்படி ஆயுதமே. எனவே கொலைக் கும்பலுக்குத் துப்பாக்கி செய்து விற்பவரும், அண்டை வீட்டாரின் பழைய துப்பாக்கியைச் சரிசெய்த கொல்லரும் ஒரே பிரிவில் நிறுத்தப்படுகின்றனர். அதே 2019இல் குடகின் ஜம்மா நில உரிமையாளர்களுக்கான விலக்கை ஒன்றிய அரசு 2029 வரை நீட்டித்தது.

காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. எனினும் சுடுவதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வேண்டும். அது இல்லாத ஊரில் உத்தரவு தாளிலேயே நின்றுவிடும். 13ஆம் பிரிவு உழவருக்கு எட்டாதவரை, 25ஆம் பிரிவு மட்டுமே அவர் வாசலுக்கு வரும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. பயிர்ப் பாதுகாப்பு உரிம விண்ணப்பங்களின் மீது குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். உரிமமற்ற துப்பாக்கியைத் தாமாக ஒப்படைப்போர் மீது வழக்குப் பதியாமல் கால அவகாசம் அளிக்க வேண்டும். ஆயுத வணிகரையும் பழங்குடி உழவரையும் சட்டம் வேறுபடுத்த வேண்டும். பயிரிழப்புக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

கிளைத் தோழர்கள் வீடுவீடாகச் சென்று சட்டத்தை விளக்குக. விண்ணப்பம் எழுத உதவுக. துப்பாக்கியை மறைத்து வைப்பது எவரையும் காக்காது. அமைப்பாகத் திரண்டு உரிமையைப் பெறுவதே காக்கும்.