விலைக்கு வாங்கிய வெற்றி



எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் அறுவடை முடிந்ததும் கபடிக் களங்கள் உயிர்பெறும். ஊர் அணி தோற்றுவிடக் கூடாதே என்று, வெளியூர் வீரரைப் பணம் கொடுத்து அழைத்து வந்து ஆடச் செய்வாரும் உண்டு. திருவிழா ஆட்டத்தில் அது ஒரு நாள் வேடிக்கையோடு முடிந்துவிடும். அதே வழக்கம் கல்விக்கூடத்தின் வாயிலில் நுழைந்தால் விளைவது என்ன? அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நம் நாட்டில் 1925-ஆம் ஆண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியம் ஒன்று தோன்றியது. 1973 முதல் அது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என வழங்குகிறது. அச்சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆடுபவர், முறையாகச் சேர்ந்து பயிலும் மாணவராக இருத்தல் வேண்டும். வயது வரம்பும் உண்டு. வயதை மறைத்து ஆடுவதைத் தடுக்க, நடுவண் அரசும் 2010-இல் தனி நெறிமுறை வகுத்தது. ஆடுபவர் மாணவரே என்ற நம்பிக்கை இல்லையெனில், கல்லூரிப் போட்டி என்னும் பெயருக்கே பொருளில்லை அன்றோ?

அமெரிக்காவில் இவ்விதி மீறப்பட்ட கதையைக் கேளுங்கள். டல்லஸ் நகரிலுள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் செல்வர்கள் பலர் புரவலராக இருந்தனர். முன்னரே பலமுறை தண்டனை பெற்றிருந்தும், புரவலர் பணம் மறைவாக வீரர்களுக்குச் சென்றுகொண்டே இருந்தது. பதின்மூன்று வீரர்கள் ஏறத்தாழ 61,000 டாலர் பெற்றமை வெளிப்பட்டது. 1987-ஆம் ஆண்டின் ஆட்டங்கள் அனைத்தும் அவ்வணிக்கு மறுக்கப்பட்டன. அடுத்த ஆண்டும் பல்கலைக்கழகம் அணியை இறக்கவில்லை. காசு வாங்காத மாணவர்களும் களத்தை இழந்தனர். பலர் வேறு கல்லூரிகளைத் தேடிச் சென்றனர்.

அந்நாட்டில் இன்று விதிகள் மாறிவிட்டன. தம் பெயராலும் புகழாலும் வருவாய் ஈட்ட 2021-இல் மாணவ வீரர்களுக்கு இசைவு கிடைத்தது. 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேராகப் பணம் கொடுக்கலாம். ஆதலின், உழைக்கும் இளைஞன் பொருள் பெறுவது தன்னளவில் குற்றமன்று. விதியை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுவிட்டு, இருளில் அதனை மீறுவதே குற்றம்.

இதனை நான் பிறர் கதையிலிருந்து மட்டும் கற்கவில்லை. தலைமையாசிரியராக இருந்த காலத்தில், செல்வர் ஒருவர் என்னிடம் வந்தார். "இந்தப் பையனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருகிறேன்" என்றார். அவன் படிப்பை நிறுத்தி ஈராண்டு ஆகியிருந்தது. ஆடு மாடுகள் புகுந்து தோட்டத்தை அழித்துக்கொண்டிருந்தன, சுவர் தேவைப்பட்டது. பதிவேட்டில் அவன் பெயரை எழுதினேன். கோப்பை வந்தது, சுவரும் எழுந்தது.

நாள்தோறும் விடியுமுன் வந்து பயிற்சி செய்த மாணவன் ஒருவன், தன் இடத்தை இழந்து என் முன் நின்றான். "ஐயா, நான் செய்த தவறு என்ன?" என்று கேட்டான். தவறு என்னுடையது. அதைச் சொல்லும் துணிவு அன்று எனக்கு இல்லை. வாடகைக்கு வந்தவனோ ஒருநாளும் வகுப்பில் அமரவில்லை. போட்டி முடிந்தபின் அவனைத் தேடுவாரும் இல்லை. ஒரு கையெழுத்தால் இரண்டு பிள்ளைகளுக்குத் தீங்கு செய்தேன்.

மறு ஆண்டு அச்செல்வர் வேறொரு பையனுடன் வந்தார். நான் பதிவேட்டைத் திறக்கவில்லை. எங்கள் அணி முதற்சுற்றிலேயே தோற்றது. ஆயினும் அன்று ஆடியவர் அனைவரும் எங்கள் மாணவர்களே. காத்திருந்த அந்த மாணவனும் அவர்களுள் ஒருவன்.

மாணவர்களே, விளையாட்டுக்கு உதவும் நல்லோர் நமக்கு வேண்டும். பந்தும் காலணியும் சத்துணவும் அவர்கள் தரட்டும். பலர் அறியத் தரட்டும், எல்லார்க்கும் தரட்டும். உங்கள் திறமையைக் கண்டு ஒருவர் தனியே அழைத்துப் பணம் நீட்டினால், இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இதை என் ஆசிரியரிடம் சொல்லலாமா? நான் நிற்கப்போகும் இடம் யாருடையது?" அவற்றுக்கு நேரான விடை கிடைக்கவில்லையெனில், வணங்கி விடைபெற்று வந்துவிடுங்கள்.