மறைவில் காண்கிற தந்தை



திருநீற்றுப் புதனன்று நாம் கேட்கும் நற்செய்தி மத்தேயு 6ஆம் அதிகாரம். தருமம் செய்கிறாயா, தம்பட்டம் அடிக்காதே. செபிக்கிறாயா, கதவைச் சாத்திக்கொள். நோன்பிருக்கிறாயா, முகத்தைக் கழுவி எண்ணெய் பூசிக்கொண்டு வெளியே வா. ஆண்டவர் சொல்வதன் சாரம் இதுதான். இதைக் கேட்ட கையோடு நாம் என்ன செய்கிறோம்? நெற்றியில் சாம்பலோடு கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடக்கிறோம்! தாய்த் திருச்சபை தெரிந்துதான் இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றுகிறது. அடையாளம் வேண்டும்; ஆனால் அது யாருக்காக என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. நம் தளவானூர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலுக்கு வயது 1,400 ஆண்டுகள் இருக்கும். சத்ருமல்லன் என்பது அவனுடைய விருதுப் பெயர்களில் ஒன்று. கோயிலுக்கும் சத்ருமல்லேசுவரம் என்றே பெயர். மன்னர்கள் பாறையில் எழுதினார்கள். நாம் மின்விசிறியின் இறக்கையில் 'உபயம்' என்று எழுதுகிறோம். விசிறி சுழலத் தொடங்கினால் பெயர் தெரியாது, காற்று மட்டும் வரும்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயங்களும் உண்டு. காதணி விழாவுக்கு வட்டிக்கு வாங்குகிறோம். பந்தலும் பேனரும் பாட்டுக் கச்சேரியும் முடிந்து, ஒலிபெருக்கியில் மொய் வாசித்து முடிந்த பிறகு கடன் மட்டும் நிற்கிறது. நெல் அறுத்த பணம் வட்டிக்கே போகிறது. ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டால், "நாலு பேர் என்ன சொல்வாங்க சாமி?" என்கிறார்கள். அந்த நாலு பேர் யார் என்று தேடிப் பார்த்திருக்கிறோமா? அவர்களும் தங்கள் வீட்டு விழாவில் நம்மைத்தான் அந்த நாலு பேராக நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று. பிள்ளைகள் விரும்பும் திருமணத்துக்குக் குறுக்கே நிற்கும்போதும், ஒரே பந்தியில் உட்காரத் தயங்கும்போதும், ஒரே கல்லறைத் தோட்டத்தில் பாதை பிரிக்கும்போதும் நம் வாயில் வருவது விவிலியம் அல்ல, "ஊர் என்ன சொல்லும்" என்பதுதான். ஞானஸ்நானம் பெற்ற நாம் நற்கருணைக்கு ஒரே வரிசையில் நிற்கிறோம். வாசலைத் தாண்டியதும் வேறு வரிசை. இங்கே ஊரின் ஒப்புதலுக்காக நாம் விற்பது நம் சகோதரனை.

திருத்தூதர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் 1:10இல், மனிதரை மகிழ்விக்கப் பார்த்தால் தாம் கிறிஸ்துவின் பணியாளராய் இருக்க முடியாது என்கிறார். பிற இனத்து விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்தாக வேண்டும் என்று சிலர் நெருக்கிய நேரம் அது. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் பவுலுக்குச் சிக்கலே இல்லை. ஆனால் இதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 10:33இல், எல்லாவற்றிலும் எல்லாருக்கும் உகந்தவராய் நடக்க முயல்வதாகவும் எழுதுகிறார். எதை எடுத்துக்கொள்வது? இரண்டாவது இடத்தில் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்: தம் நலனுக்காக அல்ல, பலர் மீட்படைவதற்காக. ஒருவருடைய நன்மைக்காக அவருக்கு இணங்குவது அன்பு. அவரிடமிருந்து நல்ல பெயர் வாங்குவதற்காக இணங்குவது அடிமைத்தனம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதை ஒரே வாழ்க்கையில் காட்டியவர் நம் புனித அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து 1673இல் இந்தியா வந்தார். தஞ்சை, செஞ்சி நாடுகளிலும் பின்னர் மறவ நாட்டிலும் நடந்தே பணி செய்தார். காவி உடுத்தினார், புலால் விட்டார், பண்டார சாமியாக வாழ்ந்தார். அப்போதுதான் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று ஊர் பிரித்து வைத்திருந்த எல்லாரும் அவரிடம் வர முடியும். உணவு, உடை, பெயர் வரைக்கும் மக்களுக்காக மாற்றிக்கொண்டார். 1686இல் மறவ நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். பிறகு போர்ச்சுகல் சென்றபோது, சிறுவயதுத் தோழரான இரண்டாம் பேதுரு மன்னர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள ஆசைப்பட்டார். அரச மரியாதை காத்திருந்தது. அவரோ மறுபடியும் கப்பல் ஏறினார்.

மறவ நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் நோயிலிருந்து குணம் பெற்று விசுவாசத்துக்கு வந்தார். அவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடு மட்டும் வாழ்வதாக இருந்தால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். விலக்கப்பட்டவர்களில் இளையவர் சேதுபதி மன்னரின் உறவுக்காரப் பெண். அவரை விலக்கினால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியாததல்ல. "இவர் பெரிய இடம், கொஞ்சம் விட்டுக்கொடுப்போம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1693 சனவரி 6, மூன்று அரசர் திருநாளன்று தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றார். சில நாள்களுக்குள் அருளானந்தர் கைதானார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோகக் கூடாது. அரண்மனைக்கு அழுதுகொண்டு ஓடிய அந்தப் பெண்ணை நம் மேடை நாடகங்களில் வில்லியாகவே காட்டுகிறோம். அவளுக்கு நேர்ந்ததும் வேதனைதான். அந்தக் காலத்தில் கணவன் விலக்கிய பெண்ணுக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்திருக்கும்? கடவுளுக்கு உகந்ததைச் செய்யும்போதும் யாரோ ஒருவர் காயப்படலாம். அதற்காகச் செய்யாமல் இருக்க முடியாது. காயத்தைக் காணாதவர்போல் இருக்கவும் முடியாது. "எனக்குக் கடவுள் போதும், யார் என்ன சொன்னால் எனக்கென்ன" என்று பக்கத்து வீட்டோடு பத்து வருடம் பேசாமல் இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. அதை அருளானந்தர் கணக்கில் எழுத வேண்டாம். வீம்பு வேறு, விசுவாசம் வேறு.

ஓரியூரில் அவருடைய தலை வெட்டப்பட்ட நாள் 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு பாஸ்கா மிக முந்தி, மார்ச் 22இல் வந்தது. ஆகவே பிப்ரவரி 4 திருநீற்றுப் புதன். உலகெங்கும் ஆலயங்களில் மத்தேயு 6ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்ட அதே நாளில், திருப்பலி நிறைவேற்ற வழியின்றி, அரண்மனைப் பிள்ளை ஒருவர் முன்பின் தெரியாதவர்கள் நடுவே மண்டியிட்டிருந்தார். 1947இல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. இன்று ஓரியூர்ச் செம்மணலை மக்கள் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் அன்று அந்த மணலில் நின்றபோது இதெல்லாம் அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணில் அவர் தோற்றுப்போன ஒரு பரதேசி. மறைவில் காண்கிற தந்தை ஒருவர் காண்கிறார் என்பது மட்டுமே அவரிடம் இருந்தது.

குருக்களாகிய எங்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. "பிரசங்கம் நல்லா இருந்தது சாமி" என்ற ஒரு வார்த்தை காதில் எப்படி இனிக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கசப்பான வார்த்தையை அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைக்கச் சொல்வதும் அந்த இனிப்புதான். யோவான் நற்செய்தி 12:42-43இல் தலைவர்கள் பலர் இயேசுவை நம்பினார்கள். ஆனால் தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று யோவான் சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் என்றே சொல்கிறார். அதுதான் நம்மை உறுத்த வேண்டும்.

இந்தத் தவக்காலத்தில் அன்பியங்களில் இரண்டு காரியங்களைப் பேசி முடிவு செய்திருக்கிறோம். காணிக்கை உறையில் பெயரோ வீட்டு எண்ணோ எழுத வேண்டாம். மைக்கில் வாசிக்கப் போவதும் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சியை எல்லாத் தெருக்காரர்களும் ஒரே இடத்தில், வந்த வரிசையில் உட்கார்ந்து குடிப்பது. இரண்டாவதற்குச் சில வீடுகளில் இன்னும் சம்மதம் வரவில்லை. பாய் விரித்து, அவர்களுக்கும் இடம் வைத்துக் காத்திருப்போம்.